கோர்வைக் கணக்கு

மாகறலில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

ஜவ்வாது மலையில் விடாமல் மழை பெய்தால் மாகறலில் ஆறு புரளும். செய்யாறு அந்த மலையில் பிறந்து, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு, சம்பந்தர் பாடிய மாகறலீசர் தலத்தைத் தொட்டு, கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கரையோர ஊர்களில் எழும் கேள்வி தலைமுறை தலைமுறையாக ஒன்றுதான்: நாளைக்கு எவ்வளவு தண்ணி வரும்?

அந்தக் கேள்விக்கான பதில் இப்போது வெகு தொலைவில் இரண்டு கட்டடங்களில் தயாராகிறது. புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் ‘அர்கா’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர். நொய்டாவில் தேசிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தில் ‘அருணிகா’. இரண்டுக்கும் சேர்த்து 850 கோடி ரூபாய். 2024 செப்டம்பர் 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. அர்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் வேகம் 8.24. தசமப் புள்ளியுள்ள இரண்டு எண்களைக் கூட்டுவதையோ பெருக்குவதையோ ஒரு கணக்கு என்று கொண்டால், ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது விநாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்கு.

இவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்பவருக்கு மழையே விடை சொல்லும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழை எந்த ஏரியின் மேல் விழும் என்று சொல்ல, வானத்தைச் சிறு சிறு கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, ஈரம், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். முன்பு கட்டம் 12 கிலோமீட்டர். மாகறலும் அக்கம்பக்கத்து ஊர்களும் அந்தக் கணக்கில் ஒரே புள்ளி. 2025 மே 26 அன்று வெளியான ‘பாரத் முன்கணிப்பு முறை’ கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. பாதியாகத்தானே குறைத்தார்கள், வேலையும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். அப்படியில்லை. நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, ஆகவே கட்டங்கள் நான்கு மடங்கு. கட்டம் சிறுத்தால் கடிகாரத்தையும் சிறு அடிகளாக நகர்த்தியாக வேண்டும். மொத்தத்தில் எட்டு மடங்கு வேலை. அதையும் நாளைய மழை வருவதற்கு முன் முடித்தாக வேண்டும். நாளன்றைக்குக் கிடைக்கும் விடையை வைத்து யாரும் மேட்டுக்குப் போக முடியாது.

இதுதான் உயர்திறன் கணிமை. பெயரைக் கேட்டதும் பலரும் வேகத்தை வைத்து இலக்கணம் சொல்ல முற்படுகிறார்கள். அந்த இலக்கணம் பத்தாண்டுகூடத் தாங்காது. 1976-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு வந்த கிரே-1 உலகை வியக்க வைத்த சூப்பர் கம்ப்யூட்டர். அதன் உச்ச வேகம் விநாடிக்கு 16 கோடி கணக்கு. இன்று சட்டைப் பையிலுள்ள செல்போன் அதைப் பல மடங்கு மிஞ்சிவிட்டது. அதற்காகச் செல்போனை யாரும் சூப்பர் கம்ப்யூட்டர் என்று சொல்வதில்லை. எனவே இலக்கணத்தை வேகத்தில் தேடாமல் வேலையில் தேடுவதே சரி. ஒரு கணினியின் நினைவிலும் நேரத்திலும் அடங்காத ஒரே கேள்வியைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு, அவை தங்களுக்குள் பேசிக்கொண்டே விடை காணும்படி செய்வது உயர்திறன் கணிமை.

‘பேசிக்கொண்டே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விளக்கக் காஞ்சிபுரத்துக்காரர்கள் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனியே நெய்து தைப்பதில்லை. தறியில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன: இரு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் கரை நாடாவை வாங்கிக் கொடுக்க ஒரு துணையாள். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். துணையாள் ஒரு கணம் தாமதித்தால் நெசவாளரின் கை நிற்கிறது. இருவரில் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், புடவை மெதுவானவரின் வேகத்தில்தான் வளரும். இதற்கு மாறாக, பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் பத்து வீட்டில் பத்துத் தறி ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு தறி நின்றாலும் மற்ற ஒன்பதும் ஓடும். பத்துப் புடவை வேண்டுமென்றால் பத்து வீட்டுக்கும் பாவைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

கணினி வேலைகளும் இந்த இரண்டு வகைதான். வானிலை, விமானச் சிறகைச் சுற்றி ஓடும் காற்று, அணுக்கருவின் உள்விசை ஆகியவை கோர்வை வேலைகள். ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டத்தின் புதிய எண்ணுக்காகக் காத்திருக்கிறது. இங்கே கணினியைவிடக் கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல் முக்கியம். சாதாரண ஈதர்நெட்டில் பல பத்து மைக்ரோ விநாடி எடுக்கும் செய்தியை இன்ஃபினிபேண்ட் போன்ற இணைப்பு ஓரிரு மைக்ரோ விநாடியில் கொண்டு சேர்க்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறும். மருந்து ஆய்வில் கோடிக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது, ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்களில் எழுத்தை அடையாளம் காண்பது, ஆயிரம் மரபணு மாதிரிகளைத் தனித்தனியே ஒப்பிடுவது ஆகியவை தனித்தறி வேலைகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்: அறை நிறைய சர்வர்கள், மின்விசிறி இரைச்சல். உள்ளே நடப்பது வேறு வேறு.

இன்னொன்றும் தறியில் தெரியும். பாவை ஓட்டி, அச்சில் இழை இழையாகப் பிணைத்து முடியும் வரை நெய்ய முடியாது. நெய்ய இன்னும் நாலு பேர் வந்தாலும் அந்த நேரம் குறையாது. ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-இல் இதையே சூத்திரமாக்கினார்: வேலையில் 5 விழுக்காடு பங்கிட முடியாதது என்றால், லட்சம் கணினிகளை வைத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கூடாது. கிளஸ்டர் என்னும் கணினித் தொகுப்பை வாங்கத் துடிக்கும் கல்லூரிகள் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைத்தால் பல லட்சம் ரூபாய் மிச்சமாகும்.

*

இந்தியா சொந்தமாகச் சூப்பர் கம்ப்யூட்டர் கட்டத் தொடங்கியது விருப்பத்தால் மட்டும் அன்று. 1980களின் நடுவில் கிரே நிறுவனத்தின் உயர்வகைக் கணினியை இந்தியா கேட்டபோது அமெரிக்க அரசு தயங்கியது. கடைசியில் வானிலைப் பணிக்கென்று ஒன்றைக் கட்டுப்பாடுகளோடு கொடுத்தது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்டதை மறுத்தது. 1988-இல் புனேயில் மேம்பட்ட கணிமை வளர்ச்சி மையமான சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அங்கே உருவான பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 1991-இல் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1986-இல், பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ‘ஃப்ளோசால்வர்’ என்ற இணைக்கணினி ஓடத் தொடங்கியிருந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

பிறகு வந்த மாற்றம் இன்னும் பெரியது. 1994-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 486 ரகச் சில்லுகள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் கட்டி, லினக்ஸை ஏற்றி, ‘பியோவுல்ஃப்’ என்று பெயரிட்டார்கள். கிளஸ்டர் என்ற சொல் அதன் பிறகே ஆய்வகங்களின் அன்றாடப் பேச்சானது. சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் அதைக் கட்டிக்கொள்ளலாம் என்ற துணிவு அங்கிருந்து வந்தது.

அந்தத் துணிவின் தமிழ்நாட்டு வடிவம் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் உருவானது. 2004-இல் அங்கே ‘கப்ரு’ என்ற கிளஸ்டர் ஓடியது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. இயற்பியலாளர் ஹரி தாஸ் முன்னின்ற முயற்சி. 144 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் சில்லுகள், ஆக 288. அவற்றைச் சாதாரணக் கம்பியால் இணைக்காமல் முப்பரிமாண வளையப் பின்னலாக, ஒவ்வொரு கணினியும் தன் அண்டையரோடு நேரே பேசும்படி கோத்தார்கள். காரணம் அவர்களின் கேள்வி. குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை ஒரு வலைக்கட்டத்தின் மேல் வைத்துக் கணக்கிடுவது அவர்கள் வேலை; ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளியின் எண் வேண்டும். அசல் கோர்வை. கேள்வியின் வடிவத்துக்கு ஏற்ப இயந்திரத்தின் வடிவத்தை அமைத்தது கப்ருவின் அழகு. விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கணக்கு, அதாவது ஒரு டெராஃப்ளாப்ஸ், அதிலிருந்து கிடைத்தது. உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலிலும் அந்த ஆண்டு இடம்பெற்றது. கணித ஆய்வு நிறுவனம் ஒன்று, தன் கேள்விக்காகத் தானே கோத்த இயந்திரத்தோடு அந்தப் பட்டியலில் நின்றதைத் தமிழ்நாடு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதே கப்ரு சொந்தம் என்பதன் வலியையும் காட்டுகிறது. இன்று சந்தையில் உள்ள என்விடியா எச்100 என்ற ஒற்றை ஜிபியு (வரைகலைச் செயலி) அட்டையின் உச்ச வேகம், அதே துல்லியத்தில், 34 டெராஃப்ளாப்ஸ். 288 சில்லுகள் ஓர் அறையை நிரப்பிச் செய்ததைப் போல முப்பது மடங்குக்கு மேல், கைக்கு அடக்கமான ஒரு பெட்டி செய்கிறது. 2007 நவம்பரில் உலகில் நான்காம் இடம் பிடித்த புனேயின் ‘ஏகா’ சூப்பர் கம்ப்யூட்டரும் அடுத்த ஆண்டே முதல் பத்துக்கு வெளியே போய்விட்டது. பட்டுப்புடவை பெட்டியில் இருந்தாலும் மதிப்பு குறையாது. கணினி, பூட்டி வைத்திருந்தாலும் ஒவ்வொரு நாளும் விலை இழக்கும் பொருள். நான்கைந்து ஆண்டுக்குள் அதைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியாக வேண்டும்.

*

வாடகை என்ற யோசனை அங்கேதான் நுழைகிறது. சம்பா, நவரை, சொர்ணவாரி எந்தப் பட்டமானாலும், மூன்று ஏக்கர் நெல் வைத்திருப்பவர் அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். வேளாண் பொறியியல் துறையும் அப்படித்தான் விடுகிறது. ஆண்டில் நாலு நாள் தேவைப்படும் இயந்திரத்தை வாங்கி மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிறுத்துவது பைத்தியக்காரத்தனம் என்று எந்த விவசாயிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளவுட் நிறுவனங்கள் இதையே கணினியில் செய்கின்றன. 2012-இல் ஷ்ரோடிங்கர் என்ற மருந்து மென்பொருள் நிறுவனத்துக்காக, சைக்கிள் கம்ப்யூட்டிங் என்ற நிறுவனம் அமேசானின் கிளவுடில் 50,000-க்கும் மேற்பட்ட கணிப்புக் கருக்களை (சில்லுக்குள் இருக்கும் கணக்கு அலகுகளை) மூன்று மணி நேரம் வாடகைக்கு எடுத்தது. 2.1 கோடி மூலக்கூறுகள் சோதிக்கப்பட்டன. மணிக்கு 4,829 டாலர் வாடகை. அதே அளவு கணினிகளை வாங்கிக் கட்டுவதென்றால் டெண்டர் திறக்கவே அதைவிட நாளாகும். இது தனித்தறி வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலக்கூறுக்கு இன்னொன்றின் விடை தேவையில்லை.

கோர்வை வேலைக்குக் கிளவுட் ஆகாது என்று சொல்லிவந்தவர்களுக்கு 2019 ஜூன் ஒரு பதில் சொன்னது. டெஸ்கார்டிஸ் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் 41,472 கருக்களை வாடகைக்கு எடுத்து, 1.93 பெட்டாஃப்ளாப்ஸ் காட்டி, உலகப் பட்டியலில் 136-ஆம் இடத்தைப் பிடித்தது. செலவு ஏறத்தாழ 5,000 டாலர். அந்த முயற்சியை நடத்திய மைக்கேல் வாரன், 1990களில் லாஸ் அலமோஸில் கடைச் சாமான்களை வைத்து ‘லோகி’ என்ற கிளஸ்டரைக் கையால் கட்டியவர்களில் ஒருவர். சொந்தமாகக் கட்டத் தெரிந்த கைதான் வாடகையிலும் நன்றாக ஓட்டியது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கிளவுடில் இருந்த ‘ஈகிள்’ அதே பட்டியலில் மூன்றாம் இடத்துக்கே வந்துவிட்டது. தொழில்நுட்பத்தால் முடியாது என்ற வாதம் அத்தோடு முடிந்தது. எஞ்சியிருப்பது பணம், கட்டுப்பாடு, ஆள் ஆகிய மூன்றைப் பற்றிய வாதம்.

பணத்தை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். ஓர் எச்100 அட்டையைச் சர்வர், வலைப்பின்னல், சேமிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்துச் சொந்தமாக நிறுவ 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 8 லட்சம். அட்டை 700 வாட் இழுக்கிறது. குளிர்விப்புக்குப் பாதி சேர்த்தால் ஆண்டு முழுவதும் ஓட 9,200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 73,600 ரூபாய். ஆள் சம்பளத்தில் அதன் பங்கையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.5 லட்சம். வாடகை எவ்வளவு? உலகச் சந்தையில் மணிக்கு 2.5 முதல் 3 டாலர் என்று மத்திய அரசு ஒப்பிட்டுச் சொன்னதுண்டு. குறைந்த விலையையே எடுத்து 220 ரூபாய் என்றால், ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓட 19.27 லட்சம். எனவே ஆண்டில் 4,300 மணிக்கு மேல் ஓடும் வேலை இருந்தால் சொந்தம் மலிவு. அதற்குக் கீழே வாடகை மலிவு. ஏறத்தாழ பாதி ஆண்டு.

இந்தப் பாதிக் கணக்கைத்தான் பலர் பொய்யாக நிரப்புகிறார்கள். வாங்குவதற்கு முன் எழுதும் விண்ணப்பத்தில் இயந்திரம் இரவும் பகலும் ஓடும். வாங்கிய பின் செமஸ்டர் விடுமுறை, முனைவர் பட்ட மாணவர் போய்விடுவது, ஏசி பழுது, மென்பொருள் உரிமம் காலாவதியாவது என்று மணிகள் கரைகின்றன. மறுபக்கம், வாடகையிலும் பில்லில் பெரிதாகத் தெரியாத வரிகள் உண்டு. தரவை உள்ளே ஏற்ற இலவசம், வெளியே எடுக்கக் கட்டணம். அமேசானின் மும்பை மையத்தில் பட்டியல் விலை ஜிபிக்கு ஏறத்தாழ 9 ரூபாய். 10,000 ஜிபி விடையைக் கொண்டுவர 90,000 ரூபாய். மிச்சமிருக்கும் கணினிகளை எடுக்கும் ‘ஸ்பாட்’ வாடகையில் 90 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு; ஆனால் அமேசான் இரண்டே நிமிட முன்னறிவிப்பில் கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தனித்தறி வேலைக்கு அதனால் பெரிய நட்டமில்லை, நின்ற தறியை வேறு வீட்டில் ஓட்டலாம். கோர்வை வேலையில் ஒரு கை போனால் மொத்தப் புடவையும் நிற்கும்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இந்தியக் கல்வி நிறுவனங்களில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆய்வுத் திட்டங்களின் பணம் ‘கருவி’ என்ற தலைப்பிலும் ‘தொடர் செலவு’ என்ற தலைப்பிலும் தனித்தனியே வருகிறது. கருவி வாங்கப் பெரிய தொகை கிடைத்துவிடும். மாதாமாதம் ஏறி இறங்கும் கிளவுட் பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது, டாலர் மதிப்பு மாறினால் யார் பொறுப்பு, தணிக்கையில் எதைக் காட்டுவது என்று கேட்டால் கணக்கர் கையை விரிக்கிறார். வாடகையே நல்லது என்று தெரிந்தவர்களும் அதனால் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பின் பராமரிப்புக்கும் ஆளுக்கும் அதே தொடர் செலவுத் தலைப்பில் பணம் இருப்பதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் முதல் இயந்திரம் அனாதை.

*

பணத்தால் மட்டும் தீராத கேள்வி ஒன்று உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயிருக்கின்றன. இந்தியா வானிலைக்காக அர்காவையும் அருணிகாவையும் வாங்கி வைத்தது. பிரிட்டனின் வானிலை நிறுவனம் தன் சூப்பர் கம்ப்யூட்டரை மைக்ரோசாஃப்டின் கையில் ஒப்படைத்து, அதைச் சேவையாகப் பெறுகிறது. 2021-இல் ஒப்பந்தம், 2025 மே மாதம் ஓடத் தொடங்கியது. இது மணிக்கணக்கு வாடகை அன்று, தனக்கென்றே ஒதுக்கிய இயந்திரத்தை வேறொருவர் பராமரிப்பது. பராமரிப்புத் தலைவலி அவர்களுக்குக் குறைந்தது. இந்தியா அப்படிச் செய்யலாமா?

செய்யக்கூடாது என்பதே இந்தச் சொற்பொழிவின் பக்கம். 1980களின் கிரே மறுப்பு பழங்கதை என்று நினைப்பவர்கள் 2025 ஜூலையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணமாகக் கொண்டு, இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; சில நாளில் சேவை திரும்பியது. மின்னஞ்சல் சில நாள் நின்றால் தாங்கலாம். வங்கக் கடலில் புயல் சுழலும்போது முன்கணிப்பு சில நாள் நிற்க முடியாது. தினமும் ஓட வேண்டிய, நின்றால் உயிர் போகக்கூடிய, ஆண்டு முழுக்க ஓடுவதால் மணிக்கணக்கிலும் மலிவான கோர்வை வேலையைச் சொந்தத் தறியில்தான் நெய்ய வேண்டும். அப்படிப்பட்ட வேலை ஒரு நாட்டில் சிலதான் இருக்கும். மற்றவற்றுக்கு இந்த வாதத்தை இழுப்பது சரியில்லை. கல்லூரியின் ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக நாட்டின் இறையாண்மையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி ஆள். தறி வாங்கினால் புடவை வந்துவிடாது என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் தெரியும். பாவு அறுந்த இடத்தில் இழையைப் பிணைக்கும் விரல் வேண்டும். கிளஸ்டரிலும் அப்படியே: எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது, எந்த நிரல் வலைப்பின்னலை அடைக்கிறது, ஏன் 64 கணினியில் ஓடியதைவிட 128 கணினியில் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் ஆள் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தால் கம்பியைப் பற்றிய கவலை குறையும், நிரலைப் பற்றிய கவலை அப்படியே இருக்கும். ஆளே இல்லாத நிறுவனம் வாங்கினாலும் நட்டம், வாடகைக்கு எடுத்தாலும் நட்டம். சொல்லப்போனால், வாடகையில் அந்த நட்டம் மாதாமாதம் பில்லாக வருவதால் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

*

சொந்தமா வாடகையா என்று கேட்கும்போது மூன்றாவது வழி ஒன்று மறந்துபோகிறது. காஞ்சிபுரத்துக்கு அது புதிதல்ல. தனியாகப் பட்டும் ஜரிகையும் வாங்க முடியாத நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கமானார்கள். மாகறலிலிருந்து சிறிது தொலைவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டையும் 921-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை, ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்ததைச் சொல்கின்றன. ஏரி ஊருக்குப் பொது. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதற்கு முறை உண்டு, அதைக் கவனிக்க நீர்கட்டி உண்டு. பெரிய கிளஸ்டர்களிலும் ஒரு நீர்கட்டி இருக்கிறார். ‘ஸ்லர்ம்’ போன்ற வரிசை மென்பொருள் அது. யார் வேலை முதலில், யாருக்கு எத்தனை கணினி, சென்ற வாரம் அதிகம் எடுத்தவர் இந்த வாரம் சற்றுப் பின்னால் என்று அது பங்கிடுகிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது ஒருவர் விடுமுறையில் இருந்தால் இன்னொருவர் வேலை ஓடும். பாதி ஆண்டுக் கணக்கு தானாக நிரம்புகிறது.

2015-இல் 4,500 கோடி ரூபாயில் தொடங்கிய தேசிய மீத்திறன் கணிமைத் திட்டம் இந்தத் திசையில் வைத்த அடி. அதன் கீழ் தமிழ்நாட்டுக்கு வந்தவற்றுள் ஒன்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள ‘பரம் பொருள்’. சி-டாக்கின் பரம் வரிசையோடு பொருள் என்ற தமிழ்ச் சொல் சேர்ந்து, கோயில் ஊர்க்காரர் காதில் பரம்பொருள் என்றே விழும் பெயர். 2022 மே 25 அன்று தொடங்கியது; 838 டெராஃப்ளாப்ஸ், ஏறத்தாழ 19 கோடி ரூபாய். வெயில் ஊரில் குளிர்விப்புக்கு மின்சாரம் கரையாமலிருக்கச் சில்லுகளின் மேலேயே திரவத்தை ஓடவிடும் அமைப்பு அதில் உண்டு. கப்ருவின் வேகத்தோடு ஒப்பிட்டால் எண்ணூறு மடங்குக்கு மேல்.

வாடகைப் பக்கத்திலும் அரசே இறங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டம், தனியார் மையங்களின் ஜிபியுக்களை ஒரே விலைப்பட்டியலில் கொண்டுவந்தது. முதலில் 18,693, சராசரி விலை மணிக்கு 115.85 ரூபாய். பிறகு எண்ணிக்கை 38,000-ஐத் தாண்டியது. மானியம் போக மணிக்கு 65 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இது பலவகை அட்டைகளின் சராசரி என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் மேலே போட்ட கணக்கில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் முடிவே மாறிவிடுகிறது. 65 ரூபாயில் ஆண்டு முழுக்க ஓட்டினாலும் 5.69 லட்சம்தான், சொந்தமாக வைத்தால் 9.5 லட்சம். மானியம் இருக்கும் வரை, ஜிபியு வேலைக்குச் சொந்த அட்டை வாங்கும் சிறு கல்லூரி பணத்தைக் கொட்டுகிறது. மானியம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு.

ஆகவே காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் தனித்தனியே பத்துப் பதினைந்து சர்வர் வாங்கி ஆளுக்கோர் அறையில் பூட்டி வைக்க நினைக்கும் கல்லூரிகள் முதலில் சேர்ந்து உட்கார வேண்டும். தினமும் ஓடும் பொது வேலைக்கு அளவான ஒரு கூட்டுக் கிளஸ்டர், தேர்வுக் காலத்திலும் கட்டுரைக் கெடு நெருங்கும்போதும் வரும் திடீர்ப் பளுவுக்கு வாடகை, பெரிய கோர்வைக் கேள்விக்குப் பரம் பொருள் போன்ற பொது இயந்திரத்தில் விண்ணப்பம், எல்லாவற்றையும் ஓட்டத் தெரிந்த இரண்டு பேருக்கு நிலையான சம்பளம். இந்தச் சம்பளம்தான் பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டியது, நடைமுறையில் கடைசியில் அடிக்கப்படுவதும் இதுவே.

எவ்வளவு பெரிய கிளஸ்டர் என்பதை விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதில்லை. ஓராண்டு வாடகையில் ஓட்டிப் பார்த்து, சங்கத்து நெசவாளர் எடுத்துப்போன பட்டும் ஜரிகையும் கொடுத்த புடவையும் எடை போட்டு எழுதப்படுவது போல, ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும். நான்கு பத்தி: யாருடைய வேலை, எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி வரிசையில் காத்தது, கோர்வையா தனித்தறியா.